மறுத்த பரிசும் மறைத்த உண்மையும்

எழுத்தாளனின் சுயமரியாதை குறித்துப் பேச்சு எழுந்தாலே நம் சிற்றிதழ் நண்பர்கள் சார்த்தரின் பெயரைச் சொல்லிவிட்டு விவாதம் முடிந்ததாகக் கருதிவிடுகிறார்கள். 1964 அக்டோபரில் நோபல் பரிசையே மறுத்தவர். அதற்கு மேல் என்ன வேண்டும் என்கிறார்கள். நமக்கு இன்னும் கொஞ்சம் வேண்டியிருக்கிறது.

மறுப்புக்கு அவர் தந்த காரணத்தில் நமக்குப் பிணக்கில்லை. சார்த்தர் என்று கையெழுத்திடுவதும் நோபல் பரிசு பெற்ற சார்த்தர் என்று கையெழுத்திடுவதும் ஒன்றல்ல. எழுத்தாளன் தன்னை ஒரு நிறுவனமாக்க இடங்கொடுக்கலாகாது என்றார். அந்தப் பணம் லண்டனிலிருந்த நிறவெறி எதிர்ப்புக் குழுவுக்கு உதவியிருக்கும் என்ற எண்ணம் தம்மை வதைத்ததாகவும் ஒளிக்காமல் சொன்னார். மறுப்பைவிட இந்தத் தடுமாற்றமே நமக்கு மதிப்புக்குரியதாகப் படுகிறது.

ஆனால் செல்வாக்கு என்பது பரிசோடு வந்து பரிசோடு போவதா? பத்தாண்டுகளுக்கு முன்பே, எந்தப் பட்டமும் இல்லாமலே, அது அவரிடம் நிறைந்திருந்தது. அதை வைத்து என்ன செய்தார்? 1954இல் சோவியத் பயணம் முடிந்து திரும்பியவர், அங்கே விமர்சனச் சுதந்திரம் முழுமையாக இருக்கிறது என்று பாரிஸ் நாளிதழான 'லிபராசியோ'னில் சொன்னார். காலச்சூழல் அப்படி, பனிப்போர் அப்படி என்று சமாதானம் சொல்வார்கள். சொல்ல வழியில்லை. சோவியத் தடுப்பு முகாம்கள் பற்றி 1950லேயே அவருடைய 'லே தாம் மொதேர்ன்' இதழ் எழுதியிருந்தது. மெர்லோ-போந்தியோடு சேர்ந்து அதில் கையெழுத்திட்டவரும் அவரேதான். தெரியாமல் சொன்னதல்ல, தெரிந்தே சொன்னது.

1975இல், எழுபதாம் வயதில், தாமே ஒப்புக்கொண்டார்: நம்பாத சில நல்ல வார்த்தைகளைச் சொன்னேன், விருந்தளித்தவர்களை ஊர் திரும்பியதும் தூற்றுவது முறையல்ல என்று நினைத்தேன் என்ற பொருளில். எவ்வளவு நாகரிகமான காரணம்! முகாமில் கிடந்தவனுக்கு அந்த நாகரிகத்தால் என்ன பயன்?

அவரை இழித்துரைப்பது நம் நோக்கமன்று. 1956இல் ஹங்கேரியில் சோவியத் படை புகுந்தபோது வெளிப்படையாகக் கண்டித்தவர் அவர். 1960இல் அல்ஜீரியப் போருக்கு எதிரான 121 பேர் அறிக்கையில் கையெழுத்திட்டவர். 1970இல் அரசின் ஒடுக்குதலுக்கு உள்ளான ஒரு பத்திரிகைக்குத் தம் பெயரை ஆசிரியராகக் கொடுத்து, தெருவில் நின்று விற்றவர். அங்கெல்லாம் பெயரும் மனிதரும் ஒன்றாக இருந்தார்கள். 1954இல் பெயர் ஒன்று பேசியது, மனிதர் வேறொன்றை அறிந்திருந்தார்.

இந்த நாகரிகம் நமக்கும் அந்நியமல்லவே. நண்பரின் தொகுப்புக்கு மனமொப்பாத அணிந்துரை எழுதிக் கொடுத்துவிட்டு, மறுவாரமே தேநீர்க்கடையில் அதே தொகுப்பைக் கிழித்துத் தொங்கவிடும் மூத்தோரை நாம் அறிவோம். அந்த அணிந்துரையை நம்பிக் காசு கொடுத்தவன் தேநீர்க்கடையில் இருப்பதில்லை. இவர்களில் சிலர் விருதுகளை ஏற்காதவர்கள் என்பதையும் அறிவோம். அதையே கேடயமாகப் பிடிக்கிறார்கள்.

ஆகவே, இனி சார்த்தரை மேற்கோள் காட்ட வருகிறவர்கள் 1964ஐ மட்டும் எடுத்து வர வேண்டாம். 1954ஐயும் 1975ஐயும் சேர்த்தே எடுத்து வரட்டும். நாம் உட்கார்ந்து பேசத் தயார்.