உறக்கம் தரும் குடிநீர்

இவ்வாரம் நமது மேஜையின்மீது ஒரு சிறு அட்டைப் பெட்டி வீற்றிருக்கிறது. அடுத்த தெருவிலுள்ள மூதாட்டி ஒருவருக்குச் சிங்கப்பூரிலிருக்கும் மகன் அனுப்பியது அது. உள்ளே நூல் கட்டிய காகிதப் பைகள் இருபது. ஒவ்வொன்றிலும் உலர்ந்த பூக்கள். பெட்டியின்மேல் பிறைச் சந்திரனையும் உறங்கும் பூனையையும் சித்திரித்திருக்கிறார்கள். "வாத்தியார் தம்பி, இந்தத் தேத்தண்ணியைக் குடிச்சா தூக்கம் வருமா?" என்று வினவினார் அந்த அம்மையார். ஆறு மாத காலமாக நள்ளிரவுக்கு முன் அவருக்குக் கண் அயர்வதில்லையாம்.

கடையநல்லூரில் சிங்கப்பூர்ச் சாமான் வந்திறங்குவது புதிதன்று. அங்குச் சென்று குடியேறிய நம்மூர் முஸ்லிம்கள் 1941-லேயே ஊர்ப் பெயரால் ஒரு சங்கம் நிறுவினார்கள். ஆனால் வந்த சாமான்தான் வேடிக்கை. பெயர் மூலிகைத் தேநீர். அதில் தேயிலை ஓர் இணுக்கும் கிடையாது. பூவோ சாமோமில் எனப்படும் சீமைச் சாமந்தி. மூலிகையை வெந்நீரில் இட்டுப் பருகுவதை நாம் கஷாயம் என்கிறோம். சித்த வைத்தியர்கள் குடிநீர் என்பார்கள். நம் வழக்கத்தையே பூனைப் படம் ஒட்டி நமக்கு விற்கிறார்கள்!

பலன் உண்டா என்பதல்லவா கேள்வி? நெடுநாள் உறக்கமின்மையால் வருந்திய 34 பேருக்கு இப்பூவின் சத்தை 28 நாட்கள் கொடுத்துப் பார்த்த அமெரிக்க ஆராய்ச்சி ஒன்று 2011-ல் வெளியாயிற்று. உறக்கம் குறிப்பிடத்தக்க அளவில் கூடவில்லை. நம் நாட்டு அமுக்கராங் கிழங்கு சற்று மேல். அதன் லத்தீன் பெயரிலேயே உறக்கம் தருவது என்ற பொருள் அமைந்திருக்கிறது. ஐந்து ஆராய்ச்சிகளில் 400 பேரைச் சோதித்ததைத் தொகுத்து 2021-ல் வெளியிட்ட கட்டுரை, பயன் சிறிதே எனினும் உண்டு என்கிறது. எனினும் கர்ப்பிணிகளும் தைராய்டுக் கோளாறு உள்ளவர்களும் வைத்தியரைக் கேளாமல் அதைத் தொடலாகாது.

பூவை விட்டு, அம்மையாரின் அன்றாட வழக்கத்தை விசாரித்தோம். மாலை ஆறு மணிக்கு ஒரு காப்பி. இரவு எட்டரைக்குப் பேரனோடு ஒரு தேநீர். வியாதி விளங்கிவிட்டது! காப்பியிலும் தேயிலையிலும் உள்ள கஃபீன் பாதியளவு கழியவே ஏறக்குறைய ஐந்து மணி நேரம் பிடிக்கும். படுக்கைக்கு ஆறு மணி நேரம் முன்னதாக 400 மில்லிகிராம், அதாவது ஏறத்தாழ நான்கு கோப்பைக் காப்பிக்குரிய கஃபீன், உட்கொண்டவர்களுக்கு ஒரு மணிக்கும் அதிகமான உறக்கம் குறைந்ததாக 2013-ல் கண்டறிந்தார்கள். அம்மையார் அருந்தியது அவ்வளவில்லைதான். ஆனால் எட்டரை மணித் தேநீர் படுக்கைக்கு எத்தனை அருகில்! கஷாயம் குடித்து உறங்கினோம் என்பவர்களில் பலருக்கு, உறங்க வைத்தது கஷாயமா, அது காப்பியை அப்புறப்படுத்தியதா என்பதே நமது ஐயம்.

ஆகவே மாலைக் காப்பிக்கும் எட்டரை மணித் தேநீருக்கும் பதிலாகச் சுக்கும் கொத்துமல்லியும் தட்டிப் போட்டு, ஏழு மணிக்கு ஒரு தம்ளர் கஷாயம் அருந்தச் சொன்னோம். அதற்குமேல் தாமதித்தால் நடுநிசியில் கொல்லைப்புறம் போக எழுந்திருக்க நேரும். நீரிழிவு உள்ளவராகையால் கருப்பட்டி வேண்டாம் என்றோம், முகம் சுளித்தார்.

"ஜாதிக்காய் அரைச்சுப் பாலிலே போட்டா?" என்றார். குற்றாலத்து மலைத் தோட்டங்களில் விளைவதாயிற்றே, நம்மூரில் அதற்கு மதிப்பு அதிகம். இழைத்த சிட்டிகையோடு நிற்பவர்களுக்குப் பயமில்லை. ஐந்து கிராம் அளவு உட்சென்றாலோ நெஞ்சு படபடக்கும், புத்தி தடுமாறும்.

அப்போதுதான் மற்றொரு செய்தி வெளிவந்தது. மகனுக்கும் உறக்கம் சரியில்லையாம். வரும் வெள்ளிக்கிழமை விமானம் ஏறும் உறவினரிடம் அரைக் கிலோ கசகசா கொடுத்தனுப்பப் பொட்டலம் கட்டி வைத்திருக்கிறார்! நாம் பதறிப் போனோம். கசகசா அபினிச் செடியின் விதை. அபினிச் சத்து அதில் இம்மியளவு ஒட்டியிருப்பதுண்டு. நம் கடைத்தெருவில் தாராளமாக விற்கும் இது சிங்கப்பூரில் தடை செய்யப்பட்ட பண்டம்; ஐக்கிய அரபு நாடுகளிலும் அப்படியே. குருமாவுக்கு என்று சொன்னாலும் சுங்கச் சாவடியில் செல்லாது. அம்மையார் நெடுநேரம் நம்பவில்லை. பேரன் தன் கைபேசியில் சிங்கப்பூர் அரசாங்க அறிவிப்பைத் தேடிப் படித்துக் காட்டிய பிறகே பொட்டலத்தைப் பிரித்தார். அதில் சுக்கு மல்லிப் பொடி ஏறிற்று.

பத்து நாட்கள் சென்றன. பதினொரு மணிக்குள் கண் அயர்ந்துவிடுகிறதாம். மூன்று மணி விழிப்பு மட்டும் நிற்கவில்லை. அதற்கு வைத்தியரிடம் போகச் சொல்லியிருக்கிறோம். பூனைப் பெட்டியை நமக்கே கொடுத்துவிட்டார். ஒரு பையை வெந்நீரில் இட்டுப் பருகினோம். வைக்கோல் ஊறிய நீர் போலிருந்தது.