பிள்ளையை யார் பார்ப்பது? வேலைக்குப் போக முடியாமல் தவிக்கும் மாற்றுத்திறனாளிகளின் தாய்மார்கள்

மதுரை:

மதுரை கலெக்டர் அலுவலகத்தில் திங்கட்கிழமை நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்துக்கு வருகிறவர்களில் சிலரைப் பார்த்தால் மனசு கேட்காது. 15 வயசு, 20 வயசு ஆன பிள்ளையைத் தாங்கிப் பிடித்தபடி வரும் தாய்மார்கள்தான் அவர்கள். கையில் ஒரு பை, அதற்குள் அடையாள அட்டை, ஆதார், ரேஷன் கார்டு ஜெராக்ஸ். மனுவில் இருப்பது பெரும்பாலும் உதவித்தொகை விவகாரம். அந்த வீட்டில் பிள்ளையைப் பார்த்துக்கொள்வதற்காக ஒருவர் வேலையை விட்டிருக்கிறாரே, அந்தக் கணக்கு மட்டும் எந்த மனுவிலும் இருக்காது.

பூப்பறிக்கவும் போக முடியாது

உசிலம்பட்டி, பேரையூர், திருமங்கலம் பக்கத்துக் கிராமங்களில் பெண்களுக்கு என்ன வேலை இருக்கிறது? களையெடுப்பு, பூப்பறிப்பு, நூறு நாள் வேலை. மல்லிகையை விடியற்காலையிலேயே பறித்தாக வேண்டும். மொட்டு விரிந்தால் மாட்டுத்தாவணி மார்க்கெட்டில் விலை போகாது. படுக்கையில் கிடக்கும் பிள்ளைக்கு துணி மாற்றி, பல் துலக்கி, வாயில் ஊட்டிவிட வேண்டிய நேரமும் அதேதான். ரெண்டையும் ஒரே ஆள் எப்படி செய்வது? நகரத்திலும் இதே கதைதான். வீட்டு வேலைக்குப் போனாலும் காலையில் போக வேண்டும். கடைசியில் மிஞ்சுவது வீட்டில் உட்கார்ந்தபடியே பூ கட்டுவது, அப்பளம் போடுவது மாதிரியான வேலைகள்தான். அதற்கு செய்த வேலைக்குத் தகுந்தாற்போல்தான் காசு. பிள்ளைக்கு வலிப்பு வந்த நாளில் அதுவும் கிடையாது.

2025-26ம் ஆண்டுக்கு தமிழகத்தில் நூறு நாள் வேலைக்கு அறிவிக்கப்பட்ட தினக்கூலி ரூ.336. அதே வீட்டில் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் தாய்க்கு என்ன கிடைக்கிறது?

கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்கள், அறிவுசார் குறைபாடு உள்ளவர்கள், தசைச்சிதைவு நோயாளிகள், முதுகுத்தண்டுவடம் பாதிக்கப்பட்டவர்களுக்கு மாற்றுத்திறனாளிகள் நலத்துறை நிர்ணயித்த பராமரிப்பு உதவித்தொகை மாதம் ரூ.2 ஆயிரம். இது பிள்ளைக்கான பணம். மருந்து, டயாபர், ஆட்டோ எல்லாம் இதற்குள்தான். கவனித்துக்கொள்பவருக்கு என்று தனியாக அரசு அறிவித்தது மாதம் ரூ.1,000. உயர் ஆதரவு தேவை என்று சான்று பெற்றவர்களின் உதவியாளருக்கு மட்டும்தான் அது. ஒரு நாளைக்குப் பிரித்தால் ரூ.33. நூறு நாள் வேலைக் கூலியில் பத்தில் ஒரு பங்கு! நூறு நாள் வேலைக்காவது சாயங்காலம் வீடு திரும்பலாம், இந்த வேலைக்கு ராத்திரியும் லீவு கிடையாது.

மத்திய அரசின் பங்கு இன்னும் மோசம். இந்திரா காந்தி தேசிய மாற்றுத்திறனாளி ஓய்வூதியத்தில் 80 சதவீதத்துக்கு மேல் பாதிப்பு உள்ளவருக்கு மத்திய அரசு கொடுக்கும் தொகை 2012ல் ரூ.300 ஆனது. அதற்குப் பிறகு பால் விலை, கேஸ் விலை எல்லாம் எத்தனை முறை ஏறியது என்பதை வாசகர்களே அறிவார்கள்.

ஆந்திராவில் ரூ.15 ஆயிரம்

பக்கத்து மாநிலங்களைப் பார்த்தால் வித்தியாசம் புரியும். ஆந்திராவில் சந்திரபாபு நாயுடு ஆட்சிக்கு வந்ததும் 2024 ஜூலையில் மாற்றுத்திறனாளி பென்ஷனை ரூ.6 ஆயிரமாகவும், படுக்கையிலும் சக்கர நாற்காலியிலும் கிடப்பவர்களுக்கு ரூ.15 ஆயிரமாகவும் உயர்த்தினார். தமிழகத்தில் வருவாய்த்துறை மூலம் வழங்கும் மாற்றுத்திறனாளி ஓய்வூதியம் 2023 ஜனவரியில்தான் ரூ.1,000ல் இருந்து ரூ.1,500 ஆனது. ஆந்திராவுக்கு இணையாக உயர்த்தக் கோரி இங்கே பல முறை போராட்டம் நடந்துவிட்டது. போராடும் சங்கங்களில் ஒன்றின் பெயரே 'அனைத்து வகை மாற்றுத்திறனாளிகள் மற்றும் பாதுகாப்போர் உரிமைகளுக்கான சங்கம்' என்பது குறிப்பிடத்தக்கது. பாதுகாப்போருக்கும் உரிமை உண்டு என்பதை சங்கத்தின் பெயர்ப்பலகையில் எழுதி வைக்க வேண்டிய நிலை.

கேரளா இந்த விஷயத்தில் முந்திக்கொண்டது. படுக்கையில் கிடப்பவரைக் கவனிக்கும் உறவினருக்கு 'ஆஸ்வாசகிரணம்' என்ற பெயரில் மாதம் ரூ.600 நிர்ணயித்தது. ஆனால் பணம் ஒழுங்காக வருவதில்லை, மாதக்கணக்கில் பாக்கி என்று அங்கேயும் புலம்பல்தான்.

இங்கிலாந்தும் ஆரம்பத்தில் யோக்கியமாக நடந்துகொள்ளவில்லை. 1976ல் பராமரிப்பாளர் உதவித்தொகையைக் கொண்டுவந்தபோது, கல்யாணமான பெண்களுக்குக் கிடையாது என்றார்கள். எப்படியும் வீட்டில்தானே இருக்கப் போகிறார்கள் என்ற நினைப்பு. ஒரு பெண் வழக்குப் போட்டு ஐரோப்பிய கோர்ட்டு வரை போன பிறகுதான் 1986ல் அது மாறியது. நம்ம ஊரில் சட்டம் அப்படி சொல்லவில்லை, ஆனால் 'பெத்தவதானே பார்க்கணும்' என்ற பேச்சு தெருவுக்குத் தெரு உண்டு. அப்பன் பார்த்தால் மட்டும் தியாகம்!

மத்திய அரசின் 2024 நேரப் பயன்பாட்டு சர்வேயில், 15 முதல் 59 வயது வரையுள்ள பெண்களில் 41 சதவீதம் பேர் வீட்டில் உள்ளவர்களைக் கவனிக்கும் வேலை செய்கிறார்கள். ஆண்களில் 21.4 சதவீதம்தான். பெண்கள் அதற்கு தினமும் சராசரியாக 140 நிமிடம் செலவிட, ஆண்கள் 74 நிமிடம். சாதாரண குழந்தை வளர்ப்பும் சேர்ந்த சராசரி இது. நடக்க முடியாத பிள்ளை உள்ள வீட்டில் 140 நிமிடம் காலை பத்து மணிக்குள்ளேயே முடிந்துபோகும்.

பூட்டிவிட்டுப் போகும் வீடுகள்

பார்க்க ஆள் இல்லாமல், வேலைக்கும் போகாமல் முடியாது என்ற நிலையில் சில வீடுகளில் பிள்ளையை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டுப் போகிறார்கள். சட்டென்று குறை சொல்லிவிடலாம். தென்மாவட்ட மக்களுக்கு ஏர்வாடியை மறந்திருக்காது. 2001 ஆகஸ்ட் 6ந்தேதி அங்கிருந்த காப்பகத்தில் தீப்பிடித்து, சங்கிலியில் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் கருகி இறந்தார்கள். வீட்டில் வைத்துப் பார்க்க வழியில்லாத குடும்பங்கள் பலவும் அப்படித்தான் ஏர்வாடிக்கு அனுப்பி வைத்தன. பகல் நேரத்தில் மட்டும் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் மையம் ஒவ்வொரு ஒன்றியத்திலும் இருந்தால் பாதிப் பிரச்சினை தீரும். உதவித்தொகையை 500 ரூபாய் கூட்டுவதைவிட இது முக்கியம் என்றுகூட சொல்லலாம். தாய் கூலிக்குப் போய் வரலாமே.

2016ல் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 24வது பிரிவு, உயர் ஆதரவு தேவைப்படுவோருக்கு பராமரிப்பாளர் படி கொடுக்க வேண்டும் என்கிறது. மற்றவர்களுக்கான அதே மாதிரித் திட்டங்களைவிட மாற்றுத்திறனாளிகளுக்கு 25 சதவீதமாவது கூடுதலாக இருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. ஆனால் மாநில அரசின் பொருளாதார சக்திக்கு உட்பட்டு என்ற வார்த்தையும் அதே பிரிவில் இருக்கிறது. அந்த ஒரு வார்த்தையில்தான் எல்லாம் நிற்கிறது.

நல்ல விஷயமும் ஒன்று உண்டு. 2023 செப்டம்பர் 15ந்தேதி மகளிர் உரிமைத்தொகை தொடங்கியபோது, மாற்றுத்திறனாளிக்கு பராமரிப்பு உதவித்தொகை வாங்கும் குடும்பம் என்பதற்காக தாயின் மனுவைத் தள்ளக்கூடாது, மற்ற தகுதிகள் இருந்தால் விண்ணப்பிக்கலாம் என்று விதி வகுத்தார்கள். இது தெரியாமல் 'உங்க வீட்டுக்குத்தான் ஏற்கனவே பணம் வருதே' என்ற பேச்சைக் கேட்டு திரும்பியவர்களும் இருக்கிறார்கள்.

18 வயது ஆனதும்

இன்னொரு சிக்கல் பலருக்குத் தெரிவதில்லை. அறிவுசார் குறைபாடு, மூளை முடக்குவாதம், ஆட்டிசம் உள்ள பிள்ளைக்கு 18 வயது முடிந்துவிட்டால், பெற்ற தாயே ஆனாலும் சட்டப்படி தானாக பாதுகாவலர் ஆகிவிட முடியாது. 1999ம் ஆண்டு தேசிய அறக்கட்டளை சட்டத்தின்படி உள்ளூர் குழுவில் விண்ணப்பித்து சான்று வாங்க வேண்டும். பேங்கில் கேட்கும்போதுதான் பல பேருக்கு இதுவே தெரிய வருகிறது. விபத்தில் கோமாவுக்குப் போனவர்கள் வீட்டுக்கு இந்த வழியும் கிடையாது. கோமாவில் கிடந்த கணவரின் சொத்தை விற்று வைத்தியம் பார்க்க, ஒரு மனைவி சென்னை ஐகோர்ட்டு வரை போய் 2024ல்தான் அனுமதி வாங்க முடிந்தது.

தேசிய அறக்கட்டளையின் உள்ளூர் குழுவுக்குத் தலைவர் கலெக்டர். எனவே பாதுகாவலர் சான்றுக்கும் அதே கலெக்டர் அலுவலகத்துக்குத்தான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வர வேண்டும். டவுன் பஸ்சில் மாற்றுத்திறனாளிக்கும் உடன் வருபவருக்கும் 2021ல் இருந்து டிக்கெட் கிடையாது. ஆனால் உயரமான படிக்கட்டில் 20 வயசுப் பிள்ளையைத் தூக்கி ஏற்றுவதற்குள் பஸ் கிளம்பிவிடுகிறது, ஆட்டோவுக்குத்தான் கைகாட்ட வேண்டியிருக்கிறது.