ஐம்பது வசனம் வந்தது, ஒன்றாவது வாசித்தோமா?

வெளிமாநிலத்தில் குடும்பம் நடத்தும் நம்மவர்களின் கைபேசியில் எத்தனை வாட்ஸப் குழுக்கள் என்று எண்ணிப் பாருங்கள். ஊர்க்காரர்கள், சொந்தபந்தம், கல்லூரி நண்பர்கள், குடியிருப்பு, பிள்ளையின் பள்ளிக்கூடம், ஆபீஸ். கிறிஸ்தவக் குடும்பம் என்றால் சபைக் குழு, வாலிபர் குழு, ஜெபக் குழு என்று இன்னும் மூன்று. விடிவதற்குள் வாக்குத்தத்த வசனம் பூப்படத்தோடு எல்லாவற்றிலும் வந்து நிற்கும். நாமும் கைகூப்பும் பொம்மை ஒன்றைத் தட்டிவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவோம்.

பத்து மணிக்கு யாராவது 'இன்றைக்கு என்ன வசனம்?' என்று கேட்டால் எத்தனை பேருக்குச் சொல்லத் தெரியும்?

தகவல் பெருகிவிட்டது என்று வருத்தப்படுகிறவர்கள் அரசியலையும் சினிமாவையும் கிரிக்கெட்டையும்தான் குறை சொல்வார்கள். 'அதை விட்டுவிட்டு நல்ல பிரசங்கம் கேளுங்கள்' என்பார்கள். எனக்கு இதில் முழு உடன்பாடு இல்லை. பிரசங்கமும் அதே வேகத்தில் ஓடி மறைந்தால் அதுவும் இன்னொரு தகவல்தான். பந்தியில் போட்டது நல்ல சாப்பாடாகவே இருக்கட்டும், நாலு இலைச் சோற்றை ஒரே ஆள் தின்றால் வயிறு கெடத்தான் செய்யும்.

ஒரு உதாரணம். 2007 ஜூலையில் ஆப்கானிஸ்தானில் தாலிபான்கள் 23 கொரியக் கிறிஸ்தவர்களைக் கடத்தினார்கள். இருவரைக் கொன்றார்கள். மீதி 21 பேரும் ஆகஸ்ட் முடிவதற்குள் விடுதலையாகிவிட்டார்கள். ஆனால் அதற்குப் பிறகு பல வருடங்கள், 'ஆப்கானிஸ்தானில் 22 மிஷனரிகளுக்கு நாளை மரண தண்டனை, உடனே ஜெபியுங்கள், எல்லோருக்கும் அனுப்புங்கள்' என்ற செய்தி சுற்றிக்கொண்டே இருந்தது. அனுப்பியவர்கள் கெட்டவர்கள் இல்லை. உருக்கமான விசுவாசிகள். அனுப்புவதற்கு ஒரு நொடி போதும், விசாரிப்பதற்குப் பத்து நிமிடம் வேண்டும். அந்தப் பத்து நிமிடத்தைக் கொடுக்கவில்லை, அவ்வளவுதான். பொய்சாட்சி சொல்லாதிருப்பது பத்துக் கட்டளைகளில் ஒன்று என்பதை ஃபார்வர்டு செய்யும்போது மட்டும் நாம் மறந்துவிடுகிறோம்.

சரி, விசுவாசம் இதற்கு என்னதான் வழி சொல்கிறது? லூக்கா சுவிசேஷம் 10-ம் அதிகாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் நல்ல சமாரியன் உவமை முடிந்த உடனே மார்த்தாள், மரியாள் சம்பவம் வருகிறது. சமாரியன் உலகத்தில் அடிபட்ட எல்லோரையும் காப்பாற்றவில்லை. தான் போன வழியில் கிடந்த ஒருவனைக் கண்டான், நின்றான், கட்டுப்போட்டான், சத்திரத்தில் சேர்த்துக் காசும் கொடுத்தான். மார்த்தாள் நூறு வேலையில் தவிக்கும்போது மரியாள் ஒரே இடத்தில் உட்கார்ந்து கேட்டாள். ஒன்று கையின் வேலை, இன்னொன்று காதின் வேலை. இரண்டிலும் நின்றால்தான் காரியம் நடக்கிறது.

நமக்கு எல்லாம் தெரிகிறது. நாசரேத்தில் யாருக்கு ஆபரேஷன், தூத்துக்குடியில் எந்தச் சபையில் தகராறு, உலகத்தில் எங்கே போர் என்று காலை எட்டு மணிக்குள் தெரிந்துவிடுகிறது. எதிர் ஃபிளாட்டில் தனியாக இருக்கும் மராத்தி மூதாட்டி நாலு நாளாக வெளியே வரவில்லை என்பது மட்டும் தெரிவதில்லை. எல்லோருக்காகவும் துக்கப்பட்டு ஒருவருக்கும் உதவாமல் நாள் முடிகிறது. இந்தக் களைப்புக்குக் காரணம் தகவல் அதிகம் என்பது மட்டும் இல்லை. கேட்டதற்கு நாம் ஒன்றும் செய்வதில்லை என்பதும்தான்.

ஆபீஸில் பிடுங்க வேண்டிய ஆணிகளே ஆயிரம் இருக்கும்போது பெரிய திட்டமெல்லாம் வேண்டாம். நம் பாட்டி தாத்தா வீட்டில் இருந்த ராத்திரி குடும்ப ஜெபமே போதும். போன்கள் அடுத்த அறையில் இருக்கட்டும். ஒரு அதிகாரம், ஆளுக்கு ஒரு வசனமாக, தமிழில். புனேயிலும் குர்கானிலும் வளரும் நம் பிள்ளைகள் எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பார்கள். ஒரு வசனத்துக்கு இரண்டு நிமிடம் ஆகும். ஆகட்டுமே! அந்த இரண்டு நிமிடமும் வீடு முழுக்க ஒரே வசனத்தில் நிற்கிறது. பிள்ளைக்குத் தமிழும் வந்து சேர்கிறது.

தரங்கம்பாடியில் சீகன்பால்கு தமிழ்ப் புதிய ஏற்பாட்டை 1715-ல் அச்சிட்டு முடித்தபோது காகிதத்துக்கே தட்டுப்பாடு. அதற்காகவே எழுத்துகளைச் சிறியதாக வார்த்தார்கள். அன்றைக்குக் காகிதம் பற்றாக்குறை, இன்றைக்குக் கவனம் பற்றாக்குறை. பற்றாக்குறையான பொருளைச் சிக்கனமாகத்தானே செலவழிக்க வேண்டும்?

'ஊரில் அப்பா அம்மா தனியாக இருக்கிறார்கள், போனை எப்படித் தள்ளி வைப்பது?' என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்வி. மணி அடிக்கட்டும், எடுங்கள். அவசரம் என்றால் யாரும் படம் அனுப்ப மாட்டார்கள், கூப்பிடுவார்கள். மற்றதெல்லாம் காலைவரை காத்திருக்கும்.

ஜெபத்தின் முடிவில் அன்றைக்குக் கேட்டவற்றில் ஒரே ஒரு பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். அவருக்காக ஜெபியுங்கள். மறுநாள் அவருக்கு ஒரு போன் போடுங்கள், பக்கத்தில் என்றால் போய்க் கதவைத் தட்டுங்கள். வருடத்துக்கு 365 பேர் ஆகிறது. அது போதாதா, சொல்லுங்கள்?