காசி அல்ல, காஸி

பிரான்ஸ் தேசத்து லியோன் நகரில் உத்தியோகம் பார்க்கும் என் பழைய மாணாக்கன் ஒருவன் கடிதம் எழுதியிருந்தான். "ஸார், கோடை விடுமுறைக்கு மத்தியதரைக் கடற்கரைக்குப் போக உத்தேசம். மணற்கரை வேண்டாம், பாறைக் கரைதான் வேண்டுமென்று பையன் பிடிவாதம் பிடிக்கிறான். அம்மாவுக்கோ முழங்கால் வலி. சின்னவளுக்கு ஐந்து வயது. பூகோளம் சொல்லிக் கொடுத்த தாங்களே ஓர் இடமும் சொல்லவேண்டும்" என்பது அதன் சாரம்.

'காஸி' என்று பதில் எழுதினேன். பெயரைக் கேட்ட பாட்டியம்மாள், இந்த வயதில் காசி யாத்திரை லபித்ததே என்று பூரித்துப் போனாளாம். அங்கே கங்கையும் இல்லை, விசுவநாதரும் இல்லை என்று விளக்குவதற்குள் அவனுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டதாம்.

காஸி என்பது மார்ஸேல்ஸ் நகருக்குத் தென்கிழக்கே உள்ள சிறு துறைமுகம். இரண்டுக்கும் இடையே வெண்மையான சுண்ணாம்புப் பாறை மலைகள் செங்குத்தாகக் கடலில் இறங்குகின்றன. முற்காலத்தில் கடல்மட்டம் தாழ்ந்திருந்தபோது ஆறுகள் அறுத்த பள்ளத்தாக்குகளில் பிற்பாடு கடல்நீர் புகுந்தது. இப்படி உண்டான குறுகிய நீர்ச்சந்துகளை அவ்வூரார் 'கலாங்க்' என்கிறார்கள். இப்பிரதேசம் 2012-ல் தேசியப் பூங்காவாயிற்று.

காஸியை நான் தேர்ந்ததற்குக் காரணம், மூன்று கலாங்க்குகள் அடுத்தடுத்து, மூன்று வகுப்புகள்போல் அமைந்திருப்பதே. முதலாவதான போர்ட் மியூவை ஊரிலிருந்து நடந்தே அடையலாம்; படகுகள் வரிசையாக நிற்கும் துறை அது, குளிப்பதற்கு ஏற்றதன்று. அப்பால் அரைமணி நேரம் நடந்தால் போர்ட் பான். பைன் மர நிழலும் சிறு கரையும் உண்டு. மூன்றாவது ஆன் வோ. அழகில் அதுவே தலைசிறந்தது, ஆனால் கற்கள் உருளும் செங்குத்தான இறக்கம். பையனுடைய கண் அதன்மேல்தான். பாட்டியம்மாளோ துறைமுகத்தில் படகேறினால், ஓரடியும் நடக்காமல் மூன்றையும் பார்த்துவிடலாம். சின்னவளுக்கு ஊரை ஒட்டிய கரையே போதும். பாறை இடுக்குகளில் முள்ளுடல் கொண்ட கடற்பிராணிகள் ஒட்டியிருக்குமாதலால், தண்ணீரில் இறங்க ரப்பர்ச் செருப்பு அவசியம்.

இரண்டு எச்சரிக்கைகளும் எழுதினேன். வடக்கிலிருந்து மிஸ்த்ரால் என்னும் காற்று வீசினால், மேல்நீரைக் கரையைவிட்டுத் தள்ளிவிடும். அடியிலுள்ள குளிர்ந்த நீர் மேலே வரும். நடுக்கோடையிலும் குழந்தைக்குப் பல் கிட்டிப்போகும். மற்றொன்று காட்டுத்தீ. ஜூன் முதல் செப்டம்பர் வரை, அபாயம் மிகுந்த நாட்களில் மலைப்பாதைகளை மூடிவிடுவார்கள். முதல் நாள் மாலையே விசாரித்துக்கொள்வது நலம்.

மார்ஸேல்ஸ் பக்கத்தில் ஸுஜித்தோன் என்று இன்னொரு கலாங்க் இருக்கிறது. அதைப்பற்றி நேயர்களுக்கும் சொல்லவேண்டும். பிரான்ஸில் சம்பளத்தோடு கூடிய விடுமுறை 1936-ல்தான் எல்லாத் தொழிலாளிகளுக்கும் சட்டமாயிற்று. வருஷத்துக்கு இரண்டு வாரம். அதுவரை கடற்கரை வாசம் பெரும்பாலும் செல்வர்களின் சுகமாயிருந்தது. பிறகு எல்லோரும் வந்தார்கள், வரவேண்டியதுதான். ஆனால் ஸுஜித்தோனுக்கு ஒரே நாளில் 2,500 பேர் வரை வரத் தொடங்கவே, மண் அரிந்து பைன் மரங்களின் வேர்கள் வெளியே தெரியலாயின. கட்டணம் விதித்திருந்தால் கூட்டம் குறைந்திருக்கும். குறைந்தவர்கள் ஏழைகளாகவே இருந்திருப்பார்கள். அப்படிச் செய்யவில்லை. 2022 முதல், கூட்டம் மிகுந்த கோடை நாட்களில் 400 பேருக்குத்தான் இடம். முன்கூட்டிப் பதிந்துகொள்ள வேண்டும், காசு கிடையாது. சீமானும் கூலிக்காரனும் ஒரே வரிசையில் நிற்கவேண்டியதுதான். பொதுச்சொத்தைக் காப்பதற்கு இதைவிட நியாயமான வழி எனக்குத் தோன்றவில்லை.

காசிக்குப் போகிறவர்கள் தமக்குப் பிரியமான ஏதாவது ஒன்றை அங்கே விட்டுவிட்டு வருவது நம் வழக்கம். காஸிக்கும் அது பொருந்தும் என்று கடிதத்தின் அடியில் எழுதியிருந்தேன். சென்ற வாரம் பதில் வந்தது. பாட்டியோடும் தங்கையோடும் தானும் படகிலேயே வருவதாகவும், ஆன் வோவுக்கு நடந்து போவதை அடுத்த வருஷத்துக்கு விட்டுவிட்டதாகவும் பையனே ஒரு வரி எழுதியிருக்கிறான்.