ஆமை வரும் கரையை விட்டுவைப்போம்

அந்தமானில் காட்டு விலங்குகளை எங்கே பார்க்கலாம் என்று கேட்கும் பயணிகளுக்குப் பெரும்பாலும் கிடைக்கும் பதில், ராஸ் தீவு. போர்ட் பிளேரிலிருந்து படகில் சில நிமிடங்களில் போய்விடலாம். இடிந்து கிடக்கும் ஆங்கிலேயர் காலக் கட்டடங்களுக்கிடையே புள்ளிமான்கள் கைக்கெட்டும் தூரத்தில் மேய்கின்றன. மயில்கள் குறுக்கே நடக்கின்றன. படம் எடுத்துக்கொண்டு திரும்பும் பலருக்கு ஓர் உண்மை தெரிவதில்லை. அந்த மானும் மயிலும் அந்தத் தீவுகளுக்கு உரியவையல்ல. ஆங்கிலேயர்கள் கொண்டுபோய் விட்டவை.

அந்தமானில் புலியோ சிறுத்தையோ கிடையாது. அடித்துத் தின்ன ஆளில்லாத மான்கள், கடலை நீந்திக் கடந்து தீவு தீவாகப் பரவின. முளைத்துவரும் கன்றுகளை அவை மேய்ந்துவிடுவதால், விழுந்த மரத்தின் இடத்தில் புது மரம் எழுவதில்லை. இன்டர்வியூ தீவில் யானைகள்கூட இருக்கின்றன. மரம் இழுக்கக் கொண்டுவரப்பட்டு, ஒப்பந்ததாரர் நொடித்துப்போனதும் 1960களில் கைவிடப்பட்டவற்றின் வழிவந்தவை அவை. இந்த மானும் யானையும் தீவுக் காட்டை என்ன செய்கின்றன என்பதை ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்தவர் சூழலியலாளர் ரவூஃப் அலி.

தீவுக்கே உரியவை

தீவின் சொந்த உயிர்கள் அவ்வளவு எளிதில் கண்ணில் படுவதில்லை. நார்கொண்டம் இருவாச்சி, உலகில் வேறெங்கும் இல்லாமல் ஒரே ஒரு சிறு எரிமலைத் தீவில் வாழ்கிறது. நிகோபாரின் மெகபோட் பறவை அடைகாப்பதில்லை. கடலோரத்தில் மண்ணையும் சருகையும் மேடாகக் குவித்து, உள்ளே முட்டையிட்டு, குஞ்சு பொரிக்கும் வேலையை அந்த மேட்டின் வெப்பத்திடம் விட்டுவிடுகிறது. இரவில் நடமாடும் தென்னை நண்டுதான் நிலத்தில் வாழும் கணுக்காலிகளிலேயே மிகப் பெரியது. ஒன்றிய ஆட்சிப் பகுதியின் மாநில விலங்கான ஆவுளியா, கடற்புல் படுகையில் மேய்கிறது.

பார்க்க வழியே இல்லை என்று சொல்லவில்லை. சிடியாடாப்பு காட்டில் விடியற்காலையில் நின்றால் பறவைகளைக் காணலாம். பாராடங் அருகே அலையாத்திக் கழிகளில் உவர்நீர் முதலைகள் கிடக்கும். வடக்கே திக்லிபூரை அடுத்த காலிபூர் கடற்கரையில் பங்குனி ஆமை, பேராமை, அழுங்காமை, ஏழுவரி ஆமை என நால்வகை ஆமைகளும் கரையேறுகின்றன. ஆனால் அங்கே விளக்கடிக்கக் கூடாது, பேச்சு கூடாது, மணலில் இருட்டோடு இருட்டாக உட்கார வேண்டும். வெளிச்சம் பட்டால் தாய் ஆமை முட்டையிடாமலே கடலுக்குத் திரும்பிவிடும். காண்பதற்கு நாம் தரும் விலை, அடக்கம்.

அந்த அடக்கம் தவறினால் என்ன நடக்கும் என்பதற்கு அந்தமான் நெடுஞ்சாலை சாட்சி. ஜாரவா பழங்குடி மக்களின் காப்பகத்தினூடே செல்லும் அந்தச் சாலைப் பகுதியை மூட உச்ச நீதிமன்றம் 2002இல் உத்தரவிட்டது. பிறகும் வண்டிகள் ஓடின. ஜாரவாக்களை ஆடவைத்து எடுத்த காணொளி 2012இல் வெளியாகி நாடே தலைகுனிந்தது. விலங்கு பார்க்கப் போன கண், மனிதரையும் காட்சிப்பொருளாக்கியது.

கலாத்தியாவின் கதை

பயணியின் தவறு இவ்வளவு என்றால், அரசின் தவறு இதைவிடப் பெரிது. ராஜேந்திர சோழனின் மெய்க்கீர்த்தி மாநக்கவாரம் என்று குறிப்பது நிகோபாரைத்தான். அதன் தென்கோடியில், கிரேட் நிகோபாரில் இருக்கிறது கலாத்தியா விரிகுடா. உலகின் மிகப் பெரிய கடலாமையான ஏழுவரி ஆமை, இந்தியாவில் பெருமளவில் முட்டையிடுவது இந்தத் தீவிலும் லிட்டில் அந்தமானிலும்தான். லிட்டில் அந்தமானில் செயற்கைக்கோள் கருவி பொருத்தி அனுப்பிய ஆமைகள் ஒருபுறம் ஆஸ்திரேலியா, மறுபுறம் ஆப்பிரிக்கா வரை போயின. 2004 சுனாமியின்போது கிரேட் நிகோபாரின் இந்திரா முனை நான்கு மீட்டருக்கு மேல் தாழ்ந்தது. கலாத்தியா மணற்கரையைக் கடல் விழுங்கியது. மணல் மெல்ல மெல்லத் திரும்பியது. ஆமையும் திரும்பி வந்தது.

அந்தக் கரையின் சரணாலய அந்தஸ்தை நீக்க, 2021 ஜனவரியில் தேசியக் காட்டுயிர் வாரியத்தின் நிலைக்குழு ஒப்புதல் அளித்தது. அதே ஆண்டு வெளியான தேசியக் கடலாமைச் செயல்திட்டமோ கலாத்தியாவை முக்கிய ஆமை வாழிடமாகப் பட்டியலிட்டது. 2022 நவம்பரில் கலாத்தியாவில் சரக்குப் பெட்டக மாற்றுத் துறைமுகம், தீவில் விமான நிலையம், மின்நிலையம், நகரம் ஆகியவற்றுக்குச் சுற்றுச்சூழல் அனுமதி கிடைத்தது. திட்டப் பரப்பு சுமார் 166 சதுர கி.மீ.; அதில் 130 சதுர கி.மீ. காடு. ஷோம்பென், நிகோபாரி பழங்குடி மக்களின் வாழ்விடமும் இதில் அடக்கம். ஈடாக ஹரியாணாவில் மரம் நடும் யோசனை முன்வைக்கப்பட்டது. ஹரியாணா மரத்தில் மெகபோட் மேடு கட்டாது.

மலாக்கா நீரிணைக்கு அருகில் நாட்டின் பாதுகாப்பு வலுப்பட வேண்டும் என்ற வாதத்தை ஒதுக்க முடியாது. அதற்காகத்தான் அதே தீவின் கேம்பல் பேயில் 2012 முதல் ஐஎன்எஸ் பாஸ் கடற்படைத் தளம் இயங்குகிறது. பெட்டக மாற்று வணிகத்துக்குக் கேரளத்தின் விழிஞ்ஞம் துறைமுகம் 2025 மே மாதம் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டுவிட்டது. இரண்டு தேவைகளுக்கும் ஆமைக் கரைதான் வேண்டும் என்பது இல்லை.

கலாத்தியாவுக்குச் சரணாலய அந்தஸ்தை அரசு மீண்டும் தர வேண்டும். துறைமுகத்தை அந்த விரிகுடாவிலிருந்து விலக்க வேண்டும். சுனாமிக்குப் பின் மணல் திரும்பியதால் ஆமையும் திரும்பியது. கான்கிரீட் போட்ட கரையில் அது முட்டையிடாது.