முதற்படியே முடிவன்று

இலக்கியப் பக்கத்தில் மென்பொருளுக்கு என்ன வேலை என்று அன்பர்கள் சிலர் வினவக்கூடும். கணினிக்கு எழுதப்படும் கட்டளைகளும் ஒருவகை எழுத்தே. எந்த எழுத்தும் முதற்படியில் முற்றுப்பெறுவதில்லை என்ற பழைய உண்மையை அத்துறையினர் பெரும் பொருட்செலவிற் கற்றுக்கொண்டனர்.

மென்பொருள் ஆக்க இருவழி உண்டு. தேவைகளையெல்லாம் முன்னரே கேட்டெழுதி, ஆண்டுக்கணக்கில் உழைத்து, முழுப்பொருளாக ஒரே நாளிற் கையளிப்பது ஒன்று. சிறியதொரு பகுதியைச் செய்து, பயன்படுத்துவோர் கையிற் கொடுத்து, அவர் கூறும் குறைகேட்டுத் திருத்தி, மேலும் சிறிது சேர்த்து, மீண்டும் அவரிடமே கொண்டு செல்வது மற்றொன்று. பின்னைய சுற்றுமுறையே நம் தீவகத்துக்கு ஏற்றது என்பது என் துணிபு.

நயினாதீவிலோ நெடுந்தீவிலோ உள்ள பாடசாலைக்கு ஆசிரியர் வரவைப் பதியும் மென்பொருள் வேண்டும் எனக் கொள்வோம். தொலைவிலிருந்து எழுதுபவர், குறித்த நேரத்துக்குப் பின் வந்தவரெல்லாம் பிந்தியவர் என விதி செய்வார். குறிகட்டுவான் இறங்குதுறையிற் படகேறி வரும் ஆசிரியருக்குக் காற்றும் கடலுமே மணியடிக்கின்றன என்பதை அவர் அறியார். பெயர் எழுதும் இடத்திற் குடும்பப்பெயர் கேட்பார்; தந்தை பெயரின் முதலெழுத்தை முன்னே தாங்கும் நமக்குக் குடும்பப்பெயர் ஏது? இவற்றை அவர் தீய எண்ணத்தாற் செய்வதில்லை. முன்னரே கேட்டிருந்தாலும் நாம் சொல்லியிருக்க மாட்டோம். நாள்தோறும் பழகியது சொல்லத்தக்கதாய்த் தோன்றுவதில்லை. செய்த பொருளைக் கையிலெடுத்துப் பார்க்கும்போதே ‘இஃது ஆகாது’ என்று நாவெழும். அச்சொல் முதல் வாரத்தில் எழுந்தால் திருத்தம் எளிது. மூன்றாம் ஆண்டில் எழுந்தால் உழைப்பெல்லாம் வீண்.

ஒருவழிப் படிமுறைக்கு மூலமாக வின்ஸ்டன் ராய்ஸ் 1970 இல் எழுதிய கட்டுரையையே பலகாலம் காட்டி வந்தனர். அதனைப் படிப்போர் வியப்படைவர். அம்முறையை அவ்வாறே கைக்கொள்வது ஆபத்தானது என்று கூறி, புதியதொன்றை இருமுறை செய்யுமாறே அவர் அறிவுறுத்தினார். 2001 இல் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்திற் கூடிய 17 பேர் வெளியிட்ட அறிக்கையும், விரிவான ஆவணத்தினும் இயங்கும் மென்பொருளையே மேலாக மதித்தது.

‘குறையுள்ளதைக் கொடுத்து மக்களைச் சோதனைப் பொருளாக்குவதா?’ என்பாரும் உளர். நியாயமான வினாவே. ஆனால், சிறிதாகச் செய் என்பது சீர்கேடாகச் செய் என்பதன்று. 1960களின் தொடக்கத்தில் மனிதனை விண்ணுக்கு அனுப்பிய அமெரிக்க மேர்க்குரித் திட்டத்தில் மென்பொருளை அரைநாட் சுற்றுகளில் வளர்த்தனர். சோதனையை முதலில் எழுதிவிட்டே கட்டளைகளை எழுதினர். உயிர் தங்கியிருந்த இடத்திலும் இம்முறை நிலைத்தது.

கணினித் தமிழின் வரலாறும் இதுவே. 1991 இல் ஒருங்குறியின் முதற்பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றது. ‘ஶ’ என்னும் கிரந்த எழுத்தும் தமிழ்ச் சுழியமும் 2005 இலேயே சேர்ந்தன. பழைய பின்னக் குறிகள் பல 2019 வரை காத்திருந்தன. யாவும் நிறைந்த பின்னரே வெளியிடுவோம் என்றிருந்தால் அத்தனை ஆண்டும் நாம் அதில் எழுதாமலே இருந்திருப்போம்.

ஆகவே இரண்டு வேண்டுகோள். தீவகத்துக்கு மென்பொருள் செய்விப்போர், முதற்படியைக் கையளித்த அன்றே பணம் முழுவதும் தீருமாறு உடன்படிக்கை எழுதல் ஆகாது. பின்வரும் சுற்றுகளுக்கும் அதிற் பங்கு இருத்தல் வேண்டும்; ஒவ்வொரு சுற்றிலும் இங்குள்ளோர் தமிழிற் குறைசொல்ல இடமும் வேண்டும். மற்றையது ஆசிரியப் பெருமக்களுக்கு. மாணவர் தரும் துப்புரவான இறுதிப்படிக்கு மட்டும் புள்ளியிடாதீர்கள். ஊர்காவற்றுறையிலோ வேலணையிலோ ஒரு வகுப்பு, படகு நேரம் காட்டும் சிறியதொரு மென்பொருளைச் செய்து பயணிகளிடம் வாரந்தோறும் காட்டட்டும். எதைக் கேட்டார்கள், எதைத் திருத்தினார்கள் என்பதற்குப் புள்ளி கொடுங்கள். பிறர் செய்து அனுப்புவதை வாங்கி அடங்கியிருக்கும் தலைமுறையா, தமக்கு வேண்டியதைத் தாமே செய்து திருத்தும் தலைமுறையா என்பது அந்தப் புள்ளியில் இருக்கிறது.