அண்டை வீட்டுக் கூரையும் அரசின் வரியும்

ஒருவர் தம் வீட்டின் கூரையை மாற்றினால் அதனால் விளையும் நன்மை அவருக்கே உரியது என்று நாம் எண்ணுகிறோம். அவருடைய கூரைக்காக ஊரார் வரியில் ஏன் சலுகை தரவேண்டும் என்று கேட்பதும் முறையான கேள்வியே. ஆனால், காட்டுத்தீயை ஆண்டுதோறும் எதிர்கொள்ளும் கலிபோர்னியாவின் மலையடிவார ஊர்களில் அக்கேள்விக்கான விடை வேறாக இருக்கிறது.

அமெரிக்காவின் மேற்குக் கரையிலுள்ள அம்மாநிலத்தின் வடபகுதியில், ஊசியிலை மரங்களுக்கு இடையே அமைந்த ஊர் பாரடைஸ். ஏறத்தாழ 26,000 பேர் அங்கு வாழ்ந்தனர். பணி ஓய்வுபெற்ற முதியோர் பலர். 2018 நவம்பர் 8 அன்று காலையில் மூண்ட தீ சில மணி நேரத்திற்குள் அவ்வூரை அடைந்தது. அத்தீயில் 85 பேர் உயிரிழந்தனர். அவ்வூரிலும் சுற்றுப்புறங்களிலுமாக 18,000-க்கும் மேற்பட்ட கட்டடங்கள் அழிந்தன. பின்னர் எடுக்கப்பட்ட ஒளிப்படங்களில் வியப்பான ஒரு காட்சியைக் காணலாம். வீடுகள் அடித்தளம் வரை சாம்பலாகிக் கிடக்க, அவற்றினருகே மரங்கள் பல பச்சை மாறாமல் நின்றன.

காரணம் கங்குகள். பெருங்காற்று அவற்றைத் தீயின் முகப்பிற்கு ஒரு மைலுக்கு அப்பாலும் தூவிவிடும். கூரையோர நீர்த்தாரையில் தேங்கிய சருகிலோ, பரணுக்குக் காற்று செல்லும் துளையிலோ, சுவரையொட்டி அடுக்கிய விறகிலோ ஒரு கங்கு விழுந்தால் போதும். வீடு உள்ளிருந்தே எரியத் தொடங்கும். அமெரிக்க வனத்துறையில் நெடுங்காலம் ஆய்வு செய்த ஜாக் கோஹன், ஒரு வீடு தீப்பற்றுவதைப் பெரிதும் தீர்மானிப்பவை அவ்வீடும் அதனை அடுத்துள்ள சிறு சுற்றுப்புறமுமே என்று காட்டினார்.

எனவே, செய்யவேண்டிய பணிகளும் எளியவையே. மரச்சில்லுக் கூரையை நீக்கி எரியாத கூரை வேயலாம். காற்றுத் துளைகளுக்கு எட்டில் ஓர் அங்குலத்திற்கு மிகாத கண்களையுடைய உலோக வலையிடலாம். சுவரைச் சுற்றி 5 அடிக்குள் எரியும் பொருள் எதுவும் இல்லாமல் காக்கலாம். வலைக்குச் செலவு சிறிது. கூரைக்கோ ஆயிரக்கணக்கான டாலர் வேண்டும். ஓய்வூதியத்தில் வாழும் முதியவர் அதைத் தள்ளிப்போடுவது இயல்புதானே!

தள்ளிப்போடுவதன் விலையை அவர் ஒருவரே கொடுப்பதில்லை என்பதுதான் சிக்கல். பாரடைஸில் நிகழ்ந்த அழிவை ஆராய்ந்தோர், 1997-க்கு முன் கட்டிய தனிவீடுகளுள் 11.5 விழுக்காடே தப்பின என்றும், அதற்குப் பின் கட்டியவற்றுள் 38.5 விழுக்காடு தப்பின என்றும் கண்டனர். எரிந்த வீடு எவ்வளவு அருகில் இருந்தது என்பது ஒரு வீட்டின் பிழைப்பைத் தீர்மானித்த முதன்மைக் காரணிகளுள் ஒன்றாக இருந்தது. ஒரு வீடு எரியும்போது அதன் வெப்பமே அடுத்த வீட்டின் கண்ணாடியை உடைத்துத் தீயை உள்ளே அனுப்புகிறது. ஆகவே, ஒருவர் தம் கூரைக்குச் செய்யும் செலவில் ஒரு பகுதி அண்டை வீட்டாருக்கான செலவாகும். அப்பகுதியைப் பொதுப்பணம் ஏற்பது கொடையாகாது. கடன் தீர்ப்பதே ஆகும்.

இக்கருத்து அம்மாநிலத்திற்குப் புதிதன்று. 1978-இல் மக்கள் வாக்களித்து ஏற்ற சட்டத்தின்படி, சொத்தின் வரிமதிப்பு ஆண்டுக்கு 2 விழுக்காட்டிற்கு மேல் உயராது. சொத்து கைமாறினாலோ புதுக்கட்டுமானம் நிகழ்ந்தாலோதான் அது மறுமதிப்பீடு செய்யப்படும். அம்மறுமதிப்பீட்டிலிருந்து சூரிய ஆற்றல் கருவிகளுக்கு 1980-லும், வீட்டினுள் பொருத்தும் தீயணைப்பு நீர்த்தூவிகளுக்கு 1984-லும், நிலநடுக்கத்தைத் தாங்கும் வகையில் கட்டடத்தை வலுப்படுத்துவதற்கு 2010-லும், மழைநீர் சேகரிப்பிற்கு 2018-லும் விலக்கு வழங்க மக்கள் இசைந்தனர். வீட்டினுள் எழும் தீக்குத் தரப்பட்ட சலுகையை வெளியிலிருந்து வரும் தீக்கு மறுப்பதற்கு நியாயம் ஏதும் எனக்குப் புலப்படவில்லை.

எனினும், விலக்கு மட்டும் போதாது. பழைய கூரையை அகற்றிப் புதியது வேய்வது பெரும்பாலும் பழுதுபார்ப்பாகவே கொள்ளப்படும். அதனால் வரி உயர்வதில்லை. உயராத வரியிலிருந்து விலக்கு அளிப்பதால் யாருக்கு என்ன பயன்? செலுத்தும் வரியிலேயே கழிவு தரவேண்டும். அதுவும் விழுக்காட்டுக் கணக்கில் அமையலாகாது. 1978-ஆம் ஆண்டுச் சட்டத்தால், நெடுங்காலம் ஒரே வீட்டில் வாழும் முதியவரின் வரி குறைவாகவும், அண்மையில் பெருவிலை கொடுத்து வாங்கியவரின் வரி மிகுதியாகவும் உள்ளன. விழுக்காட்டுக் கழிவு வசதி படைத்தவருக்கே மிகுதியாகச் சென்றுசேரும். இன்ன பணிக்கு இவ்வளவு என்று நிலையான தொகையை வரையறுத்து, நேரில் பார்வையிட்டபின் சில ஆண்டுகளுக்குக் கழிப்பதே தக்கது. வாடகைக்கு விட்ட வீடுகளுக்கும் அது பொருந்தவேண்டும். கங்கு குடியிருப்பவர் உரிமையாளரா என்று பார்த்து விழுவதில்லை.

காப்பீட்டு நிறுவனங்களே இதைச் செய்யட்டும் என்பர் சிலர். இத்தகைய பணிகளைச் செய்தவர்களுக்குக் கட்டணத் தள்ளுபடி தரவேண்டும் என்று 2022-இல் மாநிலம் விதி வகுத்தது நன்றே. ஆனால், காப்பீடே கிடைக்காத இடங்களில் தள்ளுபடியால் பயன் இல்லை.

வரி குறைந்தால் பள்ளிகளும் தீயணைப்பு நிலையங்களும் வாடுமே என்னும் மறுப்புத்தான் எடையுள்ளது. சொத்து வரியே அவற்றின் முதன்மை வருவாய்களுள் ஒன்று. ஆனால், வீடு எரிந்தபின் அதன் வரிமதிப்பைக் குறைக்கவும் அம்மாநிலச் சட்டம் இடமளிக்கிறது. மீண்டும் கட்டும்வரை மனைக்கு மட்டுமே வரி. பாரடைஸில் தீ அணைந்து ஆண்டுகள் சில கடந்த பின்னரும் மனைகள் பல வெறுமையாகவே கிடந்தன. அங்கு வாழ்ந்தவர்களுள் பெரும்பாலோர் திரும்பவில்லை.